தொடையில் துடித்த நாடி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை 7.40. விடியற்காலை வீட்டை விட்டுக் கிளம்பியபோதே நிழலில் வெப்பம் 29 டிகிரி. காற்று மேற்கிலிருந்து, நடுத்தர வேகம். வானத்தில் எட்டில் இரண்டு பங்கு மேகம்; மழைக்கு வழியில்லை. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நாலாவது மாடியில் என் மகளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து இரட்டைக் கதவுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். 7.40க்குக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. 11.55க்கு அணைந்தது. நாலே கால் மணி நேரம்.

இப்படி எழுதுவது என் தொழில் பழக்கம். முப்பத்துநான்கு ஆண்டுகள் காவிரியில் நீர்மட்டம் குறித்தவன் நான். கரையில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து நாளைக்கு மூன்று வேளை, வெள்ளம் வந்தால் மணிக்கு ஒரு முறை. மழைமானியும் என் பொறுப்பு. தேதி, மணி, காற்று, மேகம் எழுதாமல் ஒரு அளவையும் மேலே அனுப்ப முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு என் கையை விட்டுப் போன பிறகு வீட்டில் இருப்பவற்றை எண்ண ஆரம்பித்தேன். என் மனைவி இதை வியாதி என்பாள். நான் சொல்லப்போகும் விஷயத்தில் ஒழுங்காக எண்ணியவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு அப்போது வயது முப்பத்தேழு. கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தெட்டு வயதில் சொன்னாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மன்னார்புரத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் போய் வருவாள். ஆறு ஆண்டுகளில் பதினான்கு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். முதல் முறை கோயிலில் இலவச தரிசன வரிசையில். ஏழாவது முறை முன்பல் இரண்டு உடைந்தன. பதினோராவது முறை இடது மணிக்கட்டு. பதினான்காவது முறை பள்ளிக்கூட ஆய்வகத்தில், கையில் அமிலக் குப்பியோடு. குப்பி உடைந்தது, யார் மேலும் படவில்லை. மறுநாளே நிர்வாகம் அவளை அழைத்து, இதய டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வரும்வரை ஆய்வகப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நூலகத்தில் உட்காரவைத்தார்கள். பல் உடைந்தபோதுகூட அழாதவள் அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் சாவியை நான் எடுத்து என் அலமாரியில் வைத்தேன்.

ஒரு சாய்வுப் படுக்கையில் அவளைக் கட்டி, தலைப் பக்கத்தைத் தூக்கி நிறுத்திச் சோதித்தார்கள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் இதயம் நின்றது. எட்டு விநாடி. பிறகு தானாக ஓடியது. எட்டு விநாடி என்பது எவ்வளவு நேரம் என்று தெரியாதவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பாருங்கள். அதற்குள் நின்றிருக்கும் ஆள் கீழே கிடப்பார்.

டாக்டர் இளைஞர், நாற்பது இருக்கும். இரண்டு வழி சொன்னார். ஒன்று, மார்பில் பேஸ்மேக்கர் என்ற சின்னப் பெட்டியை வைப்பது. இன்னொன்று புதிது. தொடை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் அனுப்பி, இதயத்தை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளைச் சூடு வைத்து அடக்குவது. அந்த நரம்புகள்தான் இதயத்துக்குப் பிரேக் போடுகின்றன, இவளுக்கு அந்தப் பிரேக் தேவைக்கு மேல் பிடிக்கிறது என்றார். மகள் உடனே சொன்னாள்: “பெட்டி வேண்டாம் டாக்டர். முப்பத்தேழு வயசுல வெச்சா ஆயுசுக்குள்ள எத்தனை தடவை மாத்தணும்? ரெண்டாவதே பண்ணிடுங்க.” அவளை ரத்தம் எடுக்கக் கீழே அனுப்பினார்கள். அறையில் டாக்டரும் நானும் மட்டும் இருந்தோம்.

நான் நோட்டை எடுத்தேன். “இதுல என்னென்ன ஆகலாம்? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“பொதுவா பாதுகாப்பானதுதான் சார்.”

“பொதுவா வேண்டாம். ஒவ்வொண்ணா சொல்லுங்க.”

சொன்னார். நான் எண் போட்டு எழுதினேன். குழாய் நுழையும் தொடையில் ரத்தக்கசிவு, வீக்கம், ரத்தக்குழாயில் ஓட்டை. இது ஒன்று. இதயத்தின் சுவரில் துளை விழுந்து, சுற்றியிருக்கும் உறைக்குள் ரத்தம் தேங்குவது. ரத்தக்கட்டி மூளைக்குப் போவது. மூச்சை இயக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அது சூடுபடுவது. இதயத்தின் சொந்தத் துடிப்பிடமே கெட்டுப்போய், வேண்டாம் என்று சொன்ன அதே பெட்டியைக் கடைசியில் வைக்க நேர்வது. பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குச் சேதம். வயிறு மந்தமாகிச் சாப்பாடு இறங்காமல் போவது. இப்படியே போய் பத்தாவது, நாடி முன்பைவிட வேகமாக ஓடுவது. பதினோராவது, நரம்பு மறுபடியும் முளைத்துப் பழைய மயக்கம் திரும்புவது.

“நூத்துல எத்தனை பேருக்கு?”

“பெரிய சிக்கல் எல்லாம் அபூர்வம் சார்.”

“அபூர்வம்னா எத்தனை?”

“இது புதுசு சார். உலகத்துலயே செஞ்சுக்கிட்டவங்க குறைச்சல். பத்து இருபது வருஷம் கழிச்சு என்னன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்லக் கூடாது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அபூர்வம் என்பது ஒரு அளவா? ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் “நிறைய” என்று நான் எழுதி அனுப்பியிருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் இன்றைக்கு யோசித்தால், அன்று அந்த அறையில் நேர்மையாகப் பேசியவர் அவர்தான். நேர்மை இல்லாத காரியத்தை அடுத்த நிமிடம் செய்தவன் நான்.

“டாக்டர், இதையெல்லாம் என் பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டாதீங்க.”

“அவங்ககிட்ட சொல்லணும் சார். அவங்கதானே பேஷன்ட்.”

“பயந்தாலே மயங்கி விழறவ அவ. ரத்தம்னு சொன்னாலே முகம் வெளுத்துடும். இதைப் படிச்சா இங்கயே விழுவா. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

அவர் கொஞ்சம் தயங்கினார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், வரும்போதே எண்ணியிருந்தேன். “சரி சார், நீங்க சொல்லிடுங்க” என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் முதலிலேயே முடிவு செய்திருந்தேன். எங்கள் குடும்பங்களில் இது ஒன்றும் புதிதில்லை. என் அப்பாவுக்கு வந்தது என்ன வியாதி என்று அவர் சாகும்வரை அவருக்குத் தெரியாது; நாங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். அதை அன்பு என்றுதான் நினைத்தோம்.

படிவம் வந்தபோது மகள் கேட்டாள்: “எட்டுப் பக்கம் இருக்கேப்பா, படிக்க வேண்டாமா?”

“நான் படிச்சுட்டேம்மா. எல்லாருக்கும் குடுக்கிற ஃபாரம்தான். போடு.”

ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வேதியியல் ஆசிரியை, குப்பியின் மேல் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் எதையும் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். நான் படித்துவிட்டேன் என்றதால் போட்டாள்.

அன்றைய சிகிச்சை நன்றாகவே முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, “கழுத்துல அந்த நரம்பைத் தூண்டிப் பார்த்தோம் சார். முதல்ல தூண்டினப்ப இதயம் நின்னுச்சு. சூடு வெச்ச பிறகு தூண்டினோம், நிக்கவே இல்ல” என்றார். என் மனைவி அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். முன்பு உட்கார்ந்திருக்கும்போது ஐம்பத்தெட்டு இருக்கும். இப்போது எண்பத்தாறு. பத்தாவது அயிட்டம். எதிர்பார்த்ததுதான் என்றாலும் மறுபடியும் ஒரு நிமிடம் எண்ணினேன்.

“என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு.”

மறுநாள் புதன்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். காப்பீட்டுக் கம்பெனி, இது புதுச் சிகிச்சை, எங்கள் பட்டியலில் இல்லை என்று கையை விரித்துவிட்டது. பத்தொன்பது ஆண்டு தவணை வாங்கும்போது அவர்களுக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. ஒரு நர்ஸ் ஃபைலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, “எல்லாம் எழுதியிருக்கு தாத்தா, பார்த்துக்குங்க” என்றாள். பேஷன்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்; ஃபைல் தாத்தாவிடம். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. “தாத்தா” என்றது மட்டும்தான் உறுத்தியது.

ஆட்டோவில் மகள் ஃபைலை வாங்கிப் புரட்டினாள்.

“அப்பா, ஒரு வாரம் வெயிட் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, குந்தி உட்காரக் கூடாதுன்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுல என்ன பண்றது?”

எங்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லையில், பின்கதவிலிருந்து நாற்பத்தொரு அடி தள்ளி, மூன்று படி இறங்கி இருக்கிறது. குந்தி உட்காரும் மாதிரி. வீட்டுக்குள் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கலாம் என்று ஏழு வருடமாக மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். வைக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு; அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சாமி அறை. நானும் சரி, என் மனைவியும் சரி, ஒத்துக்கொள்ளவில்லை.

“எதிர் வீட்டுல வெஸ்டர்ன் இருக்கு. ஒரு வாரம் கேட்டுப் பார்க்கவா?” என்றாள்.

“தினம் காலையில எதிர் வீட்டுக்கா? தெருவுல பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? வலது காலை நீட்டிக்கிட்டு உட்காரு, போதும்.”

“நீங்க ஒரு தடவை உட்கார்ந்து காட்டுங்க, பார்க்கலாம்” என்றாள். ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பேச்சு அதோடு போய்விட்டது.

குந்த வேண்டாம் என்று எதற்காக எழுதியிருந்தார்கள்? என் நோட்டின் முதல் வரிக்காகத்தான். அவளுக்கு அந்த முதல் வரி தெரியாது. தெரிந்திருந்தால் எதிர் வீட்டுக்கு என்ன, காவிரி தாண்டிக்கூடப் போயிருப்பாள். எனக்குத் தெரியும். ஆனால் நான் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளை, கட்டி, உணவுக்குழாய் என்று பெரிய பெரிய வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. தொடை வீக்கம் என்பது அத்தனைக்கும் நடுவில் ஒரு கொசுக்கடி மாதிரித் தெரிந்தது. வியாழனும் வெள்ளியும் இரண்டு மணிக்கு ஒரு முறை அவள் நாடியை எண்ணி எழுதினேன். எண்பத்தெட்டு, எண்பத்திரண்டு, எண்பத்தேழு. அவள் கையைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இடுப்புக்குக் கீழே எதையும் நான் கேட்கவில்லை. கேட்க அப்பாவுக்கு வாய் வருமா?

வெள்ளிக்கிழமை மாலை 3.20. கொல்லையிலிருந்து வந்தவள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வியர்த்திருந்தது. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போன என் மனைவி இரண்டு நிமிடத்தில் கத்தினாள்.

“என்னங்க, இங்க வாங்க! இவளுக்குத் தொடைக்கு மேல எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்குங்க.”

“எப்பலேருந்து?”

“நேத்துக் காலையில எட்டு மணி வாக்குல பார்த்தேன்” என்றாள் மகள். “அப்ப கோலிக்குண்டு மாதிரிதான் இருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“ஊசி குத்தின இடம் வீங்கத்தானே செய்யும்? யாரும் எதுவும் சொல்லலையே. சொன்னா நீங்க வேற குதிப்பீங்க.”

முப்பத்தொரு மணி இருபது நிமிடம். அவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அறைக்குள் போனேன். சேலைத் தலைப்பால் மகளை மூடி, அதற்குள் கையை வைத்திருந்தாள் என் மனைவி. திடீரென்று அவள் முகம் மாறியது. “இது துடிக்குதுங்க” என்றாள்.

“என்ன துடிக்குது?”

“இந்தக் கட்டிங்க. உயிர் இருக்கிற மாதிரி துடிக்குது.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி, மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன். “துடிக்கிறப்பல்லாம் ‘இப்ப’ன்னு சொல்லு” என்றேன் மனைவியிடம்.

“இப்ப. இப்ப. இப்ப. இப்ப.”

என் விரலின் கீழே ஒவ்வொன்றும். ஒன்றுகூடத் தப்பவில்லை. மணிக்கட்டில் அடித்தது அங்கேயும் அடித்தது. அரை நிமிடத்தில் நாற்பத்தேழு. மேலே எண்ணவில்லை. வாழ்க்கையில் எண்ணிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. ரத்தக்குழாயில் ஓட்டை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த ஓட்டை வழியாக இதயம் தள்ளுகிற ரத்தம் நேராக அந்தக் கட்டிக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று படிப்பு இல்லாதவனுக்கும் புரியும்.

மருத்துவமனை எண்ணுக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று ஒரு குரல். நாலு தடவை அழுத்திய பிறகு பாட்டு. பாட்டைக் கேட்டுக்கொண்டே ஆட்டோ பிடித்தோம். பாலத்தில் நெரிசல். கீழே ஆற்றில் மணல்தான். முழங்கால் தண்ணீர்கூட இல்லாத ஆற்றைத் தாண்ட இருபத்துமூன்று நிமிடம்.

“உடம்பு சரியில்லாதவ இருக்கா, ஓரமாப் போப்பா” என்றேன்.

“ஓரம் எங்க இருக்கு பெரியவரே, நீங்களே காட்டுங்க” என்றார் ஆட்டோக்காரர். பிறகு கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தார். ஹாரனில் வைத்த கையை அதன் பிறகு எடுக்கவில்லை. இத்தனை வருடம் ஹாரன் அடிப்பவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் போக வேண்டியது சிரையில். குத்தும்போது பக்கத்துத் தமனியிலும் ஊசி பட்டிருக்கிறது. சின்ன ஓட்டை. படுத்திருந்தால் தானாக மூடியிருக்கலாம், திரும்பத் திரும்பக் குந்தியதில் திறந்துகொண்டிருக்கலாம் என்றார் டாக்டர். முதலில் மேலிருந்து அழுத்தி மூடப் பார்ப்பதாகச் சொல்லி, ஸ்கேன் கருவியைக் கட்டியின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அவரே அழுத்திப் பிடித்தார். நாற்பது நிமிடம் கையை எடுக்கக் கூடாதாம். சுற்றிப் பச்சைத் திரை. உள்ளே மகளும் டாக்டரும் ஒரு நர்ஸும். வெளியே நானும் என் மனைவியும்.

பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு திரையைப் பார்த்து ஆரம்பித்தேன்.

“ஏன் டாக்டர், மூணரை லட்சம் வாங்கிக்கிட்டு, எந்தக் குழாய்ல குத்தறோம்னு பார்க்க மாட்டீங்களா?”

“பார்த்துத்தான் சார் குத்தறோம். ரெண்டும் ஒட்டி ஒட்டி ஓடுது. எவ்வளவு பழகின கைக்கும் இது நடக்கும்.”

“நடக்கும்னா முன்னாடியே சொல்ல வேண்டாமா? மனுஷன்னா சொல்ல வேண்டாமா?”

“என்னங்க, மெதுவா” என்றாள் என் மனைவி.

“நீ சும்மா இரு! வலி முழுக்க பொண்ணு அனுபவிக்கறா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“சொன்னேனே சார்” என்றது திரைக்குப் பின்னால் இருந்து குரல். மூச்சு வாங்கியது அவருக்கு. “முதல்ல சொன்னதே அதுதான். ஒண்ணுன்னு நம்பர் போட்டு நீங்கதான் நோட்டுல எழுதினீங்க.”

அந்த வார்டில் ஆறு கட்டில். ஆறிலும் தலைகள் திரும்பின.

“என்ன நோட்டு?” என்றாள் மகள்.

நான் பையை நாற்காலிக்குக் கீழே தள்ளினேன்.

“அம்மா, அப்பா பையில நோட்டு இருக்கா பாரு. எடுத்து உள்ள குடு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. திரையின் கீழ்ப்பக்கமாக நோட்டு உள்ளே போனது. பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு என் மகள், தொடையை ஒருவர் முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்க, வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்தாவதில், பெட்டி வைக்க நேரலாம் என்ற இடத்தில், ஒரு நொடி நின்றாள். பிறகு பதினொன்றுவரை படித்தாள். நான் இரும்பு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது மயங்குவாள், இப்போது மயங்குவாள் என்று காத்திருந்தேன். மானிட்டரின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

“இதைக் கேட்டா நான் மயங்கிடுவேன்னு நினைச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“மயங்கினா என்ன? பதினாலு தடவை மயங்கியிருக்கேன். பதினஞ்சாவது தடவையும் மயங்கி எழுந்து, மீதியைப் படிச்சிருப்பேன்.”

“உன் நல்லதுக்குத்தாம்மா…”

“நல்லதுக்கா? ஓட்டுரிமை வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு எனக்கு. வீட்டுல இருக்கிற கேஸ் புக்குல இருந்து உங்க பென்ஷன் ஃபாரம் வரைக்கும் நான்தான் நிரப்பறேன். என் தொடைல ஊசி குத்தறதுக்கு மட்டும் நீங்க படிச்சா போதுமா? நேத்துக் காலையில கோலிக்குண்டு. இந்த ஒண்ணாம் நம்பர் தெரிஞ்சிருந்தா நேத்தே வந்திருப்பேன். இல்ல, குந்தியே இருக்க மாட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: “நீங்களும்தான் டாக்டர். எங்கிட்ட ஆறு கையெழுத்து வாங்கினீங்க. புரிஞ்சுதான்னு ஒரு வார்த்தை கேட்கலை.”

“தப்புதான் மேடம்” என்றார் டாக்டர். “உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும். சார் சொல்றேன்னாருன்னு விட்டுட்டேன்.”

அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. என் முறை வரும்போது சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் செய்துவிட்டார். நானும் தப்பு என்று சொல்லியிருக்கலாம். “பார்க்கிங்குக்கு மணிக்கு நாப்பது ரூபா வாங்கறீங்க” என்று ஏதோ சம்பந்தம் இல்லாமல் கத்தினேன். நாங்கள் வந்ததோ ஆட்டோவில். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் அழுத்தியும் ஓட்டை மூடவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஒன்றை அந்தக் கட்டிக்குள் ஊசியால் செலுத்த வேண்டும், மறுநாள் காலை செய்யலாம் என்றார்கள். அதற்கும் ஒரு படிவம் உண்டு. நர்ஸ் பழக்கத்தில் என்னிடம் நீட்டினாள். “இங்க குடுங்க” என்று மகள் கை நீட்டினாள். மூன்று பக்கம். பதினெட்டு நிமிடம் படித்தாள். டாக்டரைக் கூப்பிட்டு, மருந்து தமனிக்குள் நழுவினால் கால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதை நான் கேட்டிருக்க மாட்டேன், எனக்குத் தோன்றியிருக்காது. ரத்த ஓட்டம் அடைபடலாம், உடனே அறுவை செய்ய வேண்டி வரலாம், அதற்கு ஆட்கள் தயாராக இருப்பார்கள் என்று அவர் அவளிடம், அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். ஒரே ஒரு கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை 10.05க்கு ஊசி போட்டார்கள். கட்டியின் துடிப்பு அடங்கியது. பாதத்தில் நாடி ஓடுகிறது என்று நர்ஸ் வந்து அவளிடம் சொன்னாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் வீட்டுக்கு வரவில்லை. மன்னார்புரத்தில் அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியையின் வீட்டுக்குப் போனாள். அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது என்று காரணம் சொன்னாள். அது காரணம்தான், ஆனால் அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியாதா? என் மனைவி தினமும் ஒரு பஸ் மாறிச் சாப்பாடு கொண்டு போனாள். நான் போகவில்லை. பன்னிரண்டு நாள். நான்காவது நாள் கொத்தனாரை அழைத்துச் சாமி அறைச் சுவரைக் காட்டினேன். என் மனைவி படங்களைக் கழற்றிக் கூடத்துக்கு மாற்றினாள்.

அவள் திரும்பி வந்தபோது புது டாய்லெட்டைத் திறந்து பார்த்தாள். “ஃப்ளஷ் இழுக்குதா?” என்றாள். இழுக்கிறது என்றேன்.

செப்டம்பரில் மறுபடியும் அந்தச் சாய்வுப் படுக்கைச் சோதனை. தனியாகப் போனாள். நான் தெருமுனைவரை கூட நடந்தேன். அங்கே நின்று, “இங்கேருந்து நான் போய்க்கறேம்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் நிறுத்திவைத்தும் மயங்கவில்லையாம். அம்மாவிடம் சொன்னாள், அம்மா என்னிடம் சொன்னாள். சான்றிதழைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள். ஆய்வகம் திரும்பக் கிடைத்தது. ஸ்கூட்டர் சாவியைக் கேட்டாள், கொடுத்தேன். நரம்பு திரும்ப முளைக்குமா, முளைத்தால் எத்தனை ஆண்டில் என்று டாக்டருக்கும் தெரியாது. அதை அவரே அவளிடம் சொல்லியிருக்கிறார். தெரியாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டுதான் அவள் பாலத்தில் வண்டி ஓட்டுகிறாள்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த மருத்துவமனையின் வரவேற்பில் ஒரு படம் மாட்டியிருக்கிறது: வயதான கணவனும் மனைவியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கீழே “உங்கள் இதயம், எங்கள் பொறுப்பு” என்று. தொடை யார் பொறுப்பு என்று அதில் எழுதவில்லை. இருபது பேரை வெளியே காக்கவைத்துக்கொண்டு, பேஷன்டுக்குச் சொல்ல வேண்டியதை அப்பனிடம் ஒப்படைக்கிற டாக்டர் மேல் கோபம். குந்தாதே என்று அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, உங்கள் வீட்டில் எப்படிப்பட்ட கழிப்பறை என்று கேட்கத் தெரியவில்லையே என்ற கோபம். இந்த ஊரில் எத்தனை கொல்லைக் கழிப்பறை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? இதையெல்லாம் கடிதமாக எழுதி மருத்துவமனைக்கு அனுப்ப உட்கார்ந்தேன். மூன்று பக்கம் ஓடியது. நாலாவது பக்கத்தில் என் பங்கை எழுத வேண்டிய இடம் வந்தது. அங்கே பேனா நின்றது. கடிதம் போகவில்லை.

அவள் ஃபைல் இப்போது அவள் பீரோவில், பூட்டி இருக்கிறது. அந்தப் பதினோரு வரி எழுதிய தாளை நோட்டிலிருந்து கிழித்து அதோடு வைத்துக்கொண்டாள். நாடி பார்க்கக் கையைக் கொடுப்பதில்லை. ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்.

“இப்ப எத்தனை அடிக்குதும்மா?”

“நல்லா அடிக்குதுப்பா.”

“நல்லான்னா எத்தனை?”

“அது எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மயங்காமல் இத்தனை நாள் என்று ஒரு கணக்கு அவளிடம் இருக்கலாம். என்னிடம் அந்தக் கணக்கு இல்லை. முதல் சிகிச்சை, இரண்டாவது அனுமதி, மருந்து, கொத்தனார், குழாய்க்காரர், ஒன்பது ஆட்டோ, எல்லாம் சேர்த்து என் கையில் இருக்கும் கணக்கு இது ஒன்றுதான்: நாலு லட்சத்து இருபத்தாறாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு ரூபாய்.